வீட்டுத் தொட்டியில் கோமாளி மீன் வளர்ப்பு

நாற்றங்காலைப் பண்படுத்தி வைக்காமல் விதை நெல்லை ஊறவைக்கும் குடியானவர் எவரும் இலர். முளைகட்டிய விதை ஒரு நாள் கூடக் காத்திராது என்பதை அவர் அறிவார். வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் கோமாளி மீனைப் பெருக்க முயன்று நஷ்டமடைவோரோ இவ்வெளிய விதியை மறந்துவிடுகின்றனர். முதலில் அழகிய மீன் ஜோடி ஒன்றை வாங்குகின்றனர். அது முட்டையிட்டதும் மகிழ்கின்றனர். குஞ்சு பொரித்த மறுநாள் காலையில்தான் அக்குஞ்சுகளுக்கு ஊட்டுவதற்கு யாதொரு ஆகாரமும் தம்மிடம் இல்லை என்பதை உணருகின்றனர். மூன்றாம் நாள் தொட்டி வெறுமையாகிவிடுகிறது. ஆதலின் இத்தொழிலில் இறங்க விரும்புவோர் முதலில் குஞ்சின் ஆகாரத்தையும், பிறகு ஜலத்தையும், அதன் பின்னரே மீனையும் தேட வேண்டும். இவ்வொழுங்கு மாறாதிருந்தால், வீட்டின் ஒரு மூலையில், சிறிய முதலுடன் செய்யத்தக்க நல்ல உபதொழில்களுள் இதுவும் ஒன்றாகும்.

மீனின் இயல்பு

கோமாளி மீன்கள் இந்து மகா சமுத்திரத்திலும் பசிபிக் மகா சமுத்திரத்தின் மேற்குப் பகுதியிலும் உள்ள பவளத் திட்டுகளில் வசிப்பவை. இவற்றில் ஏறக்குறைய 30 இனங்கள் உள. மன்னார் வளைகுடாவிலும் பாக் ஜலசந்தியிலும் காணப்படுவது ஸெபே என்னும் இனம். அந்தமான் தீவுகளை அடுத்த கடலில் உள்ளது ஒசெல்லாரிஸ் என்னும் இனம். செம்மஞ்சள் உடலில் மூன்று வெண்பட்டைகளை உடைய ஒசெல்லாரிஸே தொட்டி வளர்ப்புக்கு மிகவும் இணக்கமானது. 2003-ல் வெளிவந்த அமெரிக்கச் சித்திரப்படம் ஒன்றின் மூலம் இம்மீன் உலகெங்கும் குழந்தைகளுக்கு அறிமுகமாயிற்று.

இம்மீன் கடலில் தனித்து வாழ்வதில்லை. கடற்சாமந்தி என்னும் ஜந்துவின் கொட்டும் கரங்களுக்கிடையே இது குடியிருக்கிறது. மற்ற மீன்களைக் கொட்டி மயக்கும் அக்கரங்கள் இதனை ஒன்றும் செய்வதில்லை. சீனக் கடலில் இவ்வதிசயத்தைக் கண்ட கோலிங்வுட் என்னும் ஆங்கிலேய இயற்கை சாஸ்திரி 1868-ல் அதைப்பற்றி எழுதி வெளியிட்டார். ஆயினும், தொட்டியில் வளர்க்கும்போது கடற்சாமந்தி அவசியமன்று. அது இல்லாமலே மீன்கள் ஜோடி சேர்ந்து ஆண்டுக்கணக்காக முட்டையிடும். கடற்சாமந்தியை வளர்ப்பது மீனை வளர்ப்பதைக் காட்டிலும் கடினமாதலால், புதிதாய்த் தொடங்குவோர் அதனை வாங்காதிருப்பதே நலம்.

வளர்ப்பவர் அறிய வேண்டிய மற்றொரு விசேஷம் இதன் பால் மாறும் தன்மை. கோமாளி மீன் பிறக்கும்போது ஆணுமன்று, பெண்ணுமன்று. ஒரு கூட்டத்தில் பெரியதும் அதிகாரம் செலுத்துவதுமான மீன் பெண்ணாகிறது. அதற்கு அடுத்தது ஆணாகிறது. ஏனையவை பால் முதிராமல் அடங்கியிருக்கின்றன. பெண் இறந்துபோனால் ஆண் மீன் பெண்ணாக மாற, அடங்கியிருந்தவற்றுள் பெரியது அதன் ஆணாகிறது. ஜெர்மானிய விஞ்ஞானிகளான பிரிக்கே தம்பதிகள் இதை ஆராய்ந்து 1977-ல் வெளியிட்டனர். பெண்ணாக மாறியது மறுபடி ஆணாவதில்லை. ஆகவே, முதிர்ந்த பெரிய மீன்கள் இரண்டை வாங்கி ஒரு தொட்டியில் விடுபவர் இரு பெண்களைச் சண்டைக்கு விட்டவராவார்.

கடலில் பிடிப்பதற்கு மாற்று

அலங்கார மீன் வியாபாரத்துக்கு வரும் கடல் மீன்களிற் பல பவளத் திட்டுகளிலிருந்து பிடிக்கப்படுபவையே. கோமாளி மீன் தன் கடற்சாமந்தியை விட்டு வெகுதூரம் செல்லாதாதலால் அதனைப் பிடிப்பது எளிது. முட்டையிடும் ஜோடியைப் பிடித்துவிட்டால் அவ்விடத்தின் விதையே அற்றுப்போகிறது. இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையேயுள்ள 21 தீவுகளைச் சூழ்ந்த கடற்பகுதி 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதனுள் உயிரினங்களைச் சேகரித்தல் சட்ட விரோதம். கரையோரக் கிராமங்களின் அதிகாரிகள் இதனைத் தம் மக்களுக்கு எடுத்துரைத்தல் வேண்டும்.

தொட்டியிற் பிறந்த மீனோ கடலுக்கு யாதொரு குறைவும் செய்யாது. அன்றியும், அது உலர்ந்த ஆகாரத்தைத் தின்னப் பழகியிருக்கும். தொட்டி வாழ்வை நன்கு தாங்கும். அமெரிக்காவில் மார்ட்டின் மோ என்பவர் 1970-களின் முற்பகுதியில் புளோரிடாவில் கோமாளி மீன் குஞ்சுகளை வியாபார அளவில் வளர்த்துக் காட்டினார். இந்தியாவில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் கிளையிலும், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலும் இம்மீன்களைப் பெருக்கும் முறைகள் வகுக்கப்பட்டுள்ளன.

தொட்டியும் ஜலமும்

ஒரு ஜோடிக்கு 100 முதல் 150 லிட்டர் கொள்ளும் கண்ணாடித் தொட்டி போதுமானது. கரையோரத்தார் தெளிந்த கடல் ஜலத்தை எடுத்து, வடிகட்டி, படிய வைத்து உபயோகிக்கலாம். உள்நாட்டார் கடைகளில் விற்கும் செயற்கைக் கடலுப்பை லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் வீதம் நன்னீரில் கரைத்துக்கொள்ள வேண்டும். சமையலுப்பு இதற்கு உதவாது. உவர்க் கிணற்று நீரும் கடல் ஜலத்திற்கு ஈடாகாது. உப்பு என்னும் பெயர் ஒன்றாயினும், அவற்றில் கலந்துள்ள சத்துக்களின் விகிதம் வேறு. குழாய்த் தண்ணீரில் குளோரின் கலந்திருப்பின், அதனை நீக்கிய பின்னரே உப்பைக் கரைக்க வேண்டும்.

உஷ்ணம் 26 முதல் 28 டிகிரி சென்டிகிரேட் வரை இருத்தல் உத்தமம். நமது நாட்டில் ஜலத்தைச் சூடாக்குவதை விடக் கோடையில் குளிர்ச்சியாக வைத்திருப்பதே சிரமம். ஆகையால் தொட்டியை மேற்கு வெயில் படும் சுவரருகிலோ, தகரக் கூரையின் கீழோ வைத்தலாகாது. நாள்தோறும் ஆவியாகிக் குறையும் ஜலத்தை நன்னீரைக் கொண்டே ஈடுசெய்ய வேண்டும். உப்பளத்தில் ஜலம் போய் உப்பு நிற்பது போலவே தொட்டியிலும் உப்பு நின்றுவிடுமாதலால், மேலும் உப்பு ஜலத்தை ஊற்றினால் உவர்ப்பு ஏறி மீன் நலியும். ஹைட்ரோமீட்டரால் வாரம் ஒருமுறையேனும் சோதித்து, அடர்த்தியை 1.020-க்கும் 1.025-க்கும் இடையே நிறுத்த வேண்டும்.

புதுத் தொட்டியில் உடனே மீனை விடலாகாது. வயலில் இட்ட எருவிலிருந்து தோன்றும் அம்மோனியாவை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன என்பதைக் குடியானவர்கள் கேட்டிருப்பர். தொட்டியின் வடிகட்டியிலும் இதே வேலை நடைபெற வேண்டும். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் விஷம். நைட்ரேட்டு அவ்வளவு தீங்கற்றது. இந்நுண்ணுயிர்கள் வடிகட்டியில் நிலைபெற 4 முதல் 6 வாரங்கள் செல்லும். அதுவரை பொறுத்திருத்தல் வேண்டும்.

ஜோடி சேர்த்தல்

தொட்டியிற் பிறந்த இளமீன்கள் இரண்டை, ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாகத் தேர்ந்தெடுத்து ஒன்றாக விடுதலே நல்ல முறை. சில நாட்கள் பெரியது சிறியதைத் துரத்தும். சிறியது உடலை நடுக்கிப் பணிந்து காட்டுமாயின் ஜோடி இணங்கிற்று என்று கொள்ளலாம். துடுப்புகள் கிழிபடும்படி ஓயாது தாக்கினால் பிரித்துவிட வேண்டும். மூன்றாவது மீன் ஒன்றை அத்தொட்டியில் விடவே கூடாது. இளமீன்கள் முதிர்ந்து முட்டையிட ஓராண்டோ அதற்கு மேலோ ஆகலாம். ஆனால் ஒருமுறை தொடங்கிய ஜோடி பல ஆண்டுகள் பலன் தரும். தொட்டியில் 20 ஆண்டுகளுக்கு மேல் உயிர்வாழ்ந்த கோமாளி மீன்களும் உண்டு.

தாய் மீன்களுக்கு நாளொன்றுக்கு 2 அல்லது 3 வேளை, பொடியாய் நறுக்கிய இறால், கணவாய், மட்டிச் சதை, மீன் சினை ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். முட்டையின் வலிமை தாயின் ஆகாரத்தைப் பொறுத்தது. தின்னாது எஞ்சியதை உடனே எடுத்துவிடுதல் அவசியம்.

முட்டையிடுதல்

தொட்டியில் சிறிய மண் தொட்டி ஒன்றைக் கவிழ்த்தோ சாய்த்தோ வைத்தால், அல்லது ஓடு ஒன்றைச் சார்த்தி வைத்தால், மீன்கள் அதனையே முட்டையிடும் இடமாகக் கொள்ளும். பெண்ணின் வயிறு பருத்தலும், ஆண் அவ்வோட்டை வாயால் துடைத்துச் சுத்தம் செய்தலும் முட்டையிடும் காலம் நெருங்கியதன் அடையாளங்கள். பெண் ஓட்டின்மேல் மெதுவாக ஊர்ந்து வரிசையாக முட்டைகளை ஒட்டிச் செல்ல, ஆண் பின்தொடர்ந்து அவற்றைக் கருவுறச் செய்யும். ஒரு முறைக்குச் சில நூறு முட்டைகள் இருக்கும். நன்கு பராமரிக்கப்படும் ஜோடி ஏறக்குறைய இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை முட்டையிடும்.

முட்டைகள் முதலில் செம்மஞ்சளாயிருந்து, நாள் செல்லச் செல்லக் கறுத்து, முடிவில் உள்ளிருக்கும் குஞ்சின் கண்கள் வெள்ளி போல் மின்னும். ஆண் மீனே காவல்காரன். அது துடுப்புகளால் ஜலத்தை வீசி முட்டைகளுக்குக் காற்றோட்டம் தந்து, கெட்டவற்றைப் பொறுக்கித் தின்றுவிடும். முதல் ஓரிரு ஈடுகளைப் பெற்றோரே தின்றுவிடுதல் சாதாரணம். இதனால் மனம் தளர வேண்டியதில்லை.

உயிராகாரம்

முழுத் தொழிலும் இப்பகுதியைப் பற்றி நிற்கிறது. பொரித்த குஞ்சு 3 அல்லது 4 மில்லிமீட்டர் நீளமே இருக்கும். அதன் வயிற்றிலுள்ள கரு உணவு ஒரு நாள் அளவில் தீர்ந்துபோகும். அதன் சிறிய வாய்க்கு ஏற்றதும், அதன் கண்முன் அசைந்து செல்வதுமான இரையே வேண்டும். அத்தகைய இரை ரோட்டிபர் என்னும் நுண்ணிய ஜந்து. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்று பங்கு வரை அளவுடையது. இது பாசி நுண்ணுயிர்களைத் தின்று வெகு விரைவில் பெருகும். அப்பாசி, ஜலத்தைப் பச்சையாக்கும் நுண்பாசி. யூரியா, அம்மோனியம் சல்பேட், சூப்பர் பாஸ்பேட் முதலிய உரங்களைச் சிறிதளவு இட்டே கடல் ஜலத்தில் இதனைப் பயிரிடலாம். எனவே பாசி பயிராகவும், ரோட்டிபர் அதனை மேயும் மந்தையாகவும், குஞ்சு அம்மந்தையின் பலனை உண்பதாகவும் நிற்கின்றன. பயிர் தவறினால் யாவும் தவறும்.

எவ்வளவு வேண்டும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. குஞ்சுத் தொட்டியில் மில்லிலிட்டருக்கு 10 ரோட்டிபர் இருக்க வேண்டுமெனில், 40 லிட்டர் தொட்டிக்கு 4 லட்சம் வேண்டும். மில்லிலிட்டருக்கு 100 வீதம் செழித்திருக்கும் வளர்ப்புப் பாத்திரத்திலிருந்து 4 லிட்டர் எடுத்தால் இத்தொகை கிடைக்கும். நாள்தோறும் கால் பங்குக்கு மேல் எடுத்தால் வளர்ப்பு நொடித்துப்போகும். ஆகவே 20 லிட்டர் பாத்திரம் ஒன்றேனும் செழிப்பாக இருக்க வேண்டும். ஒன்று கெட்டால் மற்றது உதவும்படி இரண்டு வைத்திருத்தல் விவேகம். ரோட்டிபரை வலையில் வடித்துச் சுத்தமான உப்பு ஜலத்தில் அலசிய பின்னரே குஞ்சுகளுக்கு இட வேண்டும்.

இரண்டாவது ஆகாரம் ஆர்ட்டீமியா என்னும் உப்பளச் சிற்றிறால். தூத்துக்குடி உப்பளங்களிலும் இதன் இனம் ஒன்று உண்டு. இதன் உலர்ந்த முட்டைகள் டப்பாக்களில் விற்கப்படுகின்றன. அவற்றை உப்பு ஜலத்திலிட்டு, வெளிச்சமும் காற்றும் கொடுத்தால் ஏறக்குறைய ஒரு நாளில் பொரிக்கும். இதன் குஞ்சு ரோட்டிபரைவிடப் பெரியதாகையால் முதல் வாரம் கழிந்த பின்னரே ஊட்டத் தொடங்க வேண்டும்.

பொரிக்கும் இரவும் முதல் 10 நாட்களும்

27 அல்லது 28 டிகிரி உஷ்ணத்தில் ஒசெல்லாரிஸ் முட்டைகள் 7 அல்லது 8 நாட்களில், இருட்டிய ஒன்றிரண்டு மணி நேரத்திற்குள் பொரிக்கும். அன்று மாலை, முட்டை ஒட்டிய ஓட்டை ஜலத்தினுள்ளேயே ஒரு பாத்திரத்தில் வாங்கிக் குஞ்சுத் தொட்டிக்கு மாற்ற வேண்டும். குஞ்சுத் தொட்டியின் ஜலம் தாய்த் தொட்டியினின்றே எடுத்ததாக இருத்தல் வேண்டும். ஓட்டின் அடியில் காற்றுக் குமிழிகள் மெல்ல எழும்படி காற்றுக் குழாயை வைத்தால், ஆண் மீன் செய்த வேலையை அது செய்யும். பின்பு விளக்குகளை அணைத்துவிட வேண்டும். முன்னரே பொரித்துவிட்டாலோ, ஒரு கைவிளக்கைக் காட்டினால் குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கித் திரளும். அப்போது அவற்றைக் கிண்ணத்தால் ஜலத்தோடு முகந்து எடுக்கலாம். வலையால் தூக்கினால் இறந்துபோகும்.

குஞ்சுத் தொட்டியின் பக்கங்களைக் கறுப்புத் துணியாலோ காகிதத்தாலோ மறைத்துவிட வேண்டும். பளபளக்கும் கண்ணாடியில் வெளிச்சம் பட்டால் குஞ்சுகள் அதனையே முட்டி மோதி மாயும். மேலிருந்து மங்கலான வெளிச்சம் மட்டும் விழவேண்டும். ஜலம் இளம்பச்சையாகத் தோன்றும் அளவு பாசியை இட்டால், குஞ்சுக்கு இரை நன்கு புலப்படும். ரோட்டிபரும் பசியின்றிச் சத்துடனிருக்கும். நாள்தோறும் அடியிலுள்ள கசடைச் சிறு குழாயால் உறிஞ்சி எடுத்து, அதே உஷ்ணமும் உவர்ப்பும் உள்ள புது ஜலத்தைச் சொட்டுச் சொட்டாக ஈடுசெய்ய வேண்டும்.

இக்காலத்தில் மரணம் இருமுறை வரும். முதலாவது, 3 அல்லது 4 நாட்களுக்குள் பசியால் வருவது. இரண்டாவது, 8 முதல் 12 நாட்களுக்குள், குஞ்சு தன் கண்ணாடி போன்ற வடிவை விட்டு மீனுருக்கொள்ளும்போது வருவது. அச்சமயம் தலையருகே வெண்பட்டை தோன்றி, குஞ்சுகள் மேல்ஜலத்தை விட்டுப் பக்கங்களையும் அடியையும் அடுத்து நிற்கும். சத்துக் குறைந்த ரோட்டிபரும், அசுத்த ஜலமும் பெற்ற குஞ்சுகள் இம்மாற்றத்தைக் கடப்பதில்லை. நல்ல பாசியில் மேய்ந்த ரோட்டிபரை உண்டவையே கடக்கின்றன. மின்சாரம் சில மணி நேரம் தடைப்பட்டாலும் காற்று நின்று முழு ஈடும் மடியுமாதலால், பாட்டரியில் இயங்கும் காற்றுப் பம்பு ஒன்று இன்றியமையாதது.

வளர்ந்த குஞ்சும் நோயும்

மூன்று நான்கு வாரங்களில் பொடி ஆகாரத்திற்குச் சிறுகச் சிறுகப் பழக்கலாம். விற்பனைக்கு ஏற்ற 3 அல்லது 4 சென்டிமீட்டர் வளர்ச்சியை எய்தச் சில மாதங்கள் செல்லும். பட்டை குறைந்தவையும், செவுள் மூடி குட்டையானவையும் சில தோன்றும். அவற்றை நல்லவற்றோடு கலந்து விற்றால் பெயர் கெடும்.

வெளியிலிருந்து வாங்கும் எந்த மீனையும் 3 அல்லது 4 வாரங்கள் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பின்னரே சேர்க்க வேண்டும். உடலில் உப்புத் தூவியது போன்ற வெண்புள்ளிகள் தோன்றுவதும், புரூக்ளினெல்லா என்னும் நுண்ணுயிரால் உடலில் சளி போன்ற படலம் படர்ந்து மூச்சுத் திணறுவதும் இம்மீன்களின் பெரும் வியாதிகள். பின்னது ஓரிரு நாளில் கொல்லவல்லது. தொழுவத்தில் புது மாட்டை உடனே கட்டாதவர் தொட்டியிலும் அவ்வாறே செய்தல் வேண்டும்.

உப்பு ஜலத்தை எங்கே கொட்டுவது?

நிலமுடையோர் இதனைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். வாரந்தோறும் 15 லிட்டர் ஜலத்தை மாற்றுவோர், லிட்டருக்கு 35 கிராம் வீதம், ஒவ்வொரு முறையும் அரைக் கிலோவுக்கு மேல் உப்பை வெளியேற்றுகின்றனர். ஓராண்டில் அது ஏறக்குறைய 27 கிலோ ஆகிறது. இதனைத் தோட்டத்திலோ, வாய்க்காலிலோ, கிணற்றருகிலோ ஊற்றிவந்தால் அவ்விடம் களர்ப்படும். பாத்தியில் இட்ட செடி கருகும். கிணற்று நீரும் உவர்க்கக்கூடும். மீனால் வரும் லாபம் நிலத்தின் நஷ்டமாகலாகாது. சிமெண்டுப் பூச்சுள்ள ஆழமற்ற தட்டையான தொட்டியில் ஊற்றி, வெயிலில் உலர்த்தி, எஞ்சும் உப்பை வாரிச் சேர்த்து வைத்தலே தக்க முறை. மழைக்கு அதனை மூடி வைக்க வேண்டும். எக்காரணத்தாலும் தொட்டி மீன்களைக் கடலில் விடலாகாது. அயல் இனமும் அயல் நோயும் அதனால் பரவும்.

வரவு செலவு

இத்தொழிலில் மீனின் விலையைக் காட்டிலும் உப்பு, மின்சாரம், ஆர்ட்டீமியா முட்டை, தினந்தோறும் இரு வேளை ஒருவரது உழைப்பு ஆகியவையே செலவில் பெரும்பகுதி. ஓர் ஈட்டில் 300 குஞ்சு பொரித்து, மூன்றில் ஒரு பங்கு தப்பினால் 100 மீன்கள். அவற்றை வாங்குவோர் யார், எந்த ஊரிலுள்ளார், உயிருடன் எவ்வாறு அனுப்புவது என்பவற்றை முட்டையிடும் முன்னரே விசாரித்து முடிவு செய்தல் வேண்டும். விற்க இடமின்றி வளரும் மீன்கள் ஒன்றையொன்று தாக்கி அழியும். மீன்வளத் துறையின் உள்ளூர் அலுவலகத்தில் விசாரித்து, பயிற்சியும் தேவையான அனுமதியும் பெற்றுக்கொள்ளல் நன்று. கடன் வாங்கிப் பல தொட்டிகளுடன் தொடங்குவது அறவே கூடாது.

முதல் மாதம் பாசியும் ரோட்டிபரும் மட்டும் வளர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு மாத காலம் அவை கெடாமல் தொடர்ந்து பெருகினால், அவ்வீட்டார் இத்தொழிலுக்குத் தகுதியுடையவர் என்று அறியலாம். கெட்டால் சிறிது உரமும் உப்புமே நஷ்டம். அதன் பிறகு ஒரு தொட்டி, ஒரு ஜோடி. முதல் ஈட்டில் பத்துக் குஞ்சு தப்பினாலும் அது வெற்றியே. எத்தனை பொரித்தன, எந்நாளில் எத்தனை மடிந்தன, அன்று உஷ்ணமும் உவர்ப்பும் எவ்வளவு என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள்தோறும் குறித்துவைப்பவர், அடுத்த ஈட்டில் எதைத் திருத்த வேண்டும் என்பதை அதைக்கொண்டே அறிந்துகொள்வார். நாற்றங்காலைக் காப்பதில் குடியானவருக்குள்ள பொறுமையே இங்கும் வேண்டும் முதல். அது அவரிடம் முன்னமே உண்டு.